உரிமம் பெறாத கடல்

விட்லாக் குடாவின் கடலுயிர்ப் புகலிடத்தைப் பற்றி மரியாதைக் குறைவாக எதையும் சொல்லிவிடக் கூடாது என்பதில் நான் மிகுந்த கவனத்துடன் இருக்கிறேன். அவர்கள் எனக்கு இரண்டு நீலச் சட்டைகளும் பெயர் பொறித்த தேநீர்க் குவளை ஒன்றும் அளித்தார்கள். குவளையில் க்ளெனிஸ் என்பதற்குப் பதிலாக க்ளென் என்ற ஆண்பெயர் இருந்தது. அதன் பிறகு நான் க்ளென்னாகவே தேநீர் அருந்தி வந்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகவே சொல்கிறேன்.

நகராட்சியின் கடிதப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற பின் அங்கே தன்னார்வலராகச் சேர்ந்தேன். நான் பள்ளியில் படித்த காலத்தில் அக்கட்டடத்தின் முகப்பில் 'மீன் காட்சிச்சாலை' என்று எழுதியிருந்தது. பிறகு அது 'கடல் உலகம்' ஆயிற்று. பிறகு 'கடல்வளக் கண்டறி மையம்'. இப்போது 'கடலுயிர்ப் புகலிடம்'. தொட்டிகள் எல்லாக் காலத்திலும் அதே தொட்டிகள்தாம். ஆயினும் பலகை மாறும் ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் உயிர்களின் வாழ்க்கைத்தரம் வெகுவாக உயர்ந்துவிடுவதாக, புதியவர்களுக்குக் காட்டப்படும் அறிமுகப் படத்தில் இயக்குநர் ரோலண்ட் ஃபென்விக் விளக்குவார்.

அந்தப் படம் இருபத்திரண்டு நிமிடம் ஓடும். அதில் முக்கியமான பகுதி சொற்களைப் பற்றியது. தொட்டி என்று சொல்லலாகாது, இல்லம் என்று சொல்ல வேண்டும். கண்ணாடி என்று சொல்லலாகாது, நட்பின் எல்லை என்று சொல்ல வேண்டும். எந்த உயிரும் அங்கே அடைக்கப்பட்டிருக்கவில்லை, நம்மோடு தங்கியிருக்கிறது. வாய் தவறிப் பழைய சொல்லைச் சொன்னவர் படத்தை மறுபடியும் முழுவதுமாகப் பார்க்க வேண்டும் என்பது விதி. முதல் வாரத்தில் நான் அதை நான்கு முறை பார்த்தேன்.

என்னைப் பின்கட்டில் இருந்த மருத்துவப் பிரிவில் அமர்த்தினார்கள். காயம்பட்டு வரும் ஆமைகள் அங்கேதான் கிடக்கும். முன்கட்டில் மக்கள் பார்க்கும் உயிர்களுக்கெல்லாம் பெர்சிவல், ஒலிவியா என்று பெயர்கள் இருந்தன. பின்கட்டில் பெயர் கிடையாது. ஓட்டின் மேல் வெள்ளைச் சாயத்தால் ஓர் எண் எழுதுவார்கள், அவ்வளவே. இந்த வேறுபாட்டை நான் முதல் நாளே கவனித்தேன். அதன் பொருள் என்ன என்று கேட்டிருக்கலாம். புதியவர் அதிகம் கேள்வி கேட்பது நாகரிகமாக இராது என்று கருதி விட்டுவிட்டேன்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, என் பக்கத்து வீட்டுக்காரரான நெவில் ட்ராஸ்க் தம்முடைய வண்டியின் பின்புறத்தில் ஒரு பேராமையைக் கொண்டுவந்தார். நெவில் அலையாத்திக் கழிமுகத்தில் கூடு போட்டு நண்டு பிடிப்பவர். ஆமையின் மேல் ஈரத் துண்டுகளைப் போர்த்தி, தம் மழைச்சட்டையையும் போர்த்தியிருந்தார். அதன் இடப்பக்கத் துடுப்பில் கயிறு இறுகிச் சதை வரை இறங்கியிருந்தது.

"என் கயிறுதான்," என்றார். "பாரம் கட்டாம விட்டுட்டேன். தண்ணி மேல மெதந்துக்கிட்டு இருந்திருக்கு. என் சோம்பேறித்தனத்துக்கு அவ கை போச்சு."

கை போகவில்லை. ஆனால் உள்ளே எங்கோ காற்று தங்கிவிட்டிருந்தது. தண்ணீரில் விட்டால் பின்பக்கம் மேலே தூக்கிக்கொள்ள, சோடாப் புட்டியின் தக்கையைப் போல மிதந்தது. மூழ்க முடியாத ஆமை கடற்புல்லை எட்ட முடியாது, பட்டினியிலேயே இறந்துபோகும். செவிலி ப்ரையனி அதன் ஓட்டில் 41 என்று எழுதினாள். இயக்குநர் ரோலண்ட் தாமே பின்கட்டுக்கு வந்து நெவிலின் கையைக் குலுக்கினார். குலுக்கும்போது ஒரு புகைப்படமும் எடுக்கப்பட்டது.

"எப்ப திருப்பி விடுவீங்க?" என்றார் நெவில்.

"அவ முங்குற அன்னிக்கு. புடிச்ச எடத்துலயே. இது எங்க வாக்கு."

"எழுதித் தருவீங்களா?"

"எழுத்து எதுக்கு நெவில்? அந்தச் சுவரப் பாருங்க."

சுவரில் ஆளுயர எழுத்துகளில் 'குணமானதும் கடலுக்கே' என்று தீட்டியிருந்தது. நெவில் அதை இரண்டு முறை படித்தார்.

"சுவத்துலயே எழுதிட்டானுங்கன்னா அப்ப சரி," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மருத்துவப் பிரிவில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. சேர்ந்த நாளிலேயே ப்ரையனி அதை எனக்குச் சொல்லியிருந்தாள்.

"சோறு போடுற கையும் ஊசி போடுற கையும் ஒண்ணா இருக்கக் கூடாது க்ளெனிஸ். ஒரே ஆளு ரெண்டும் செஞ்சா, அப்புறம் அதுங்க எந்தக் கையையும் நம்பாது. நீங்க சோத்துக் கை. ஊசி நாள்ல இந்தப் பக்கமே வந்துறாதீங்க."

அப்படியே நடந்துகொண்டேன். தினமும் காலை ஒன்பது மணிக்கு, உணவு கொடுக்கும் நீண்ட இடுக்கியால் தொட்டியின் எஃகு விளிம்பில் மூன்று முறை தட்டுவேன். பிறகு கணவாய்த் துண்டும் கீரையும் கொடுப்பேன். முதல் மாதம் அது என்னைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் மாதம் தலையைத் திருப்பியது. மூன்றாம் மாதம், மூன்றாவது தட்டு விழுவதற்குள் அந்தக் கோடியிலிருந்து காயம் ஆறாத துடுப்பை இழுத்துக்கொண்டு வந்துவிடும். இரத்தம் எடுக்கும் புதன்கிழமைகளில் நான் கட்டடத்தின் மறுகோடியில் துண்டுகளை மடித்துக்கொண்டிருப்பேன். என்னை நம்பியதால் அதற்கு ஒரு நாளும் வலித்ததில்லை. வாழ்க்கையில் அதிகம் பேருக்கு அப்படி நான் இருந்ததாக நினைவில்லை.

ஜனவரி மாதம் பத்தொன்பதாம் தேதி நாற்பத்தொன்று மூழ்கியது. உணவு முடிந்ததும் மூக்கைத் தண்ணீருக்கு மேலே நீட்டி ஒரு மூச்சு இழுத்தது. பிறகு யாரோ அழைத்ததைப் போலக் கீழே சென்று, தொட்டியின் தரையில் வயிற்றை வைத்து அமர்ந்துகொண்டது. பதினோரு நிமிடம் மேலே வரவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மாலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நெவில் படகைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"முங்கிட்டா," என்றேன்.

அவர் தண்ணீர்க் குழாயை மூடினார். "எவ்ளோ நேரம்?"

"பதினோரு நிமிஷம்."

கவிழ்த்து வைத்திருந்த நண்டுக்கூட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார். சற்று நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அவ சிக்குன அந்தக் கடற்புல்லு மேட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்," என்றார். "உன் நீலச் சட்டக்காரங்கள்ட்ட சொல்லிரு. படகு நம்மளுது."

ரோலண்ட் செய்தியைக் கேட்டு மகிழ்ந்தார். உடனே வெளியேற்றத் தகுதி மதிப்பீட்டைத் தொடங்கவும் உத்தரவிட்டார். ஆமையின் தகுதியை மதிப்பிடப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன். முதலில் கடலின் தகுதியை மதிப்பிட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை, ரோலண்டும் பாதுகாப்பு அலுவலர் ஒருவரும் நானும் குடாவுக்குச் சென்றோம். படிவம் செருகிய எழுதும் அட்டையைச் சுமக்கும் பணி எனக்கு. இல்லங்களை ஆய்வு செய்யும் அதே படிவத்தைத்தான் கடலுக்கும் பயன்படுத்தினோம். நாற்பது கேள்விகள். வெப்பநிலைப் பதிவேடு உண்டா? இல்லை. அவசரகால விளக்கு உண்டா? இல்லை. நீர் வடிகட்டி எப்போது கழுவப்பட்டது? பதில் இல்லை. முன்னனுமதி இன்றி வேற்றுயிர்கள் உள்ளே நுழைய வாய்ப்பு உண்டா? உண்டு. பணியில் இருக்கும் பொறுப்பாளர் பெயர்? பாதுகாப்பு அலுவலர் நீர்ப்பரப்பை நெடுநேரம் பார்த்துவிட்டு ஒரு கோடு போட்டார். போதிய இடவசதி என்ற ஒரே இனத்தில் மட்டும் கடல் தேறியது.

"கடல் மேல எனக்குத் தனிப்பட்ட வெறுப்பு எதுவும் இல்ல," என்றார் ரோலண்ட், காலணியிலிருந்து மணலைத் தட்டியபடி. "ஆனா நேர்மையாச் சொல்லணும் க்ளெனிஸ். உரிமம் வாங்காத எடம். நாள பின்ன ஏதாவது ஆச்சுன்னா யாரப் போய்க் கேக்குறது? அங்க சுறா இருக்கு, படகு இருக்கு, நெவில் மாதிரி ஆளுங்க கயிறு இருக்கு. நம்மகிட்ட என்ன இருக்கு? ஒண்ணுமே இல்ல. அதுக்குப் பேருதான் பாதுகாப்பு."

அடுத்த வாரம், காலைத் தேநீர் வேளையில் ரோலண்ட் கரண்டியால் குவளையைத் தட்டி அனைவரையும் அமைதிப்படுத்தினார். என் சேவையைப் பாராட்டும் வகையில், நாற்பத்தொன்றுக்குப் பெயர் சூட்டும் வாய்ப்பு எனக்கு வழங்கப்படுவதாக அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். முப்பத்தொரு ஆண்டுப் பணியில் என்னை எதற்கும் பெயர் வைக்கச் சொன்னதில்லை. நகராட்சியின் சிறு சந்துக்குக்கூட. எட்னா என்றேன்.

நெவிலுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. "எட்னா எங்க அத்தை பேரு," என்றார். "சாகுற வரைக்கும் வீட்டு வாசலத் தாண்டுனதில்ல."

அன்று பிற்பகல், ப்ரையனி ஆமையின் ஓட்டிலிருந்து வெள்ளை எண்ணைத் துணியால் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சரியாக இல்லை.

"பேரு நல்லா இல்லையா?" என்று கேட்டேன்.

"நல்ல பேருதான்." துணியை மறுபடி நனைத்தாள். "இங்கேருந்து கடலுக்குப் போனது எதுக்குமே பேரு வச்சதில்ல க்ளெனிஸ்."

அப்படியானால் பெயரோடு கடலுக்குச் செல்லும் முதல் ஆமை எட்னாதான் என்று எண்ணி, மகிழ்ச்சியுடன் வீடு திரும்பினேன்.

உயிர்நல அறநெறிக் குழு பிப்ரவரி முதல் வாரத்தில் கூடியது. என்னைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். குழுவில் ஐவர். ரோலண்ட் தலைவர். விளம்பரப் பிரிவின் மேலாளர் ஒருவர். புதிதாகக் கட்டிமுடிக்கப்பட்ட பெருங்கடல் மண்டபத்தின் சுவரில் தம் பெயர் பொறிக்கப்பெற்ற ஐஸ்கிரீம் நிறுவனத்தின் சார்பில் ஒருவர். பல்கலைக்கழகத்து அறவியல் பேராசிரியர் ஒருவர் தொலைபேசி வழியாகக் கலந்துகொண்டார். இணைப்பு கிடைக்கும்போதெல்லாம் அவர் "ஆனா" என்று தொடங்குவார். அத்துடன் இணைப்பு அறுந்துவிடும். நிகழ்ச்சிக் குறிப்பில் 'பேராசிரியர் மும்முறை ஆமோதித்தார்' என்று பதிவாயிற்று.

ஐந்தாமவர் விலங்குகளின் பிரதிநிதி. விலங்குகளின் குரலும் குழுவில் ஒலிக்க வேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தில் உருவாக்கப்பட்ட பதவி அது. பரிசுப்பொருள் கடையின் பொறுப்பாளர் அதை வகித்தார். அன்று அவர் ஒரு பிறந்தநாள் விருந்தில் ஆமை வேடம் போட்டு ஆடிவிட்டு நேரே வந்திருந்தார். முதுகில் வேடத்தின் ஜிப் சிக்கிக்கொண்டதால், பஞ்சு அடைத்த பச்சைத் தலையைக் கழற்ற முடியவில்லை. அப்படியே அமர்ந்திருந்தார்.

"க்ளெனிஸ்," என்றார் ரோலண்ட், "நீங்க பக்கத்துல போனா எட்னா என்ன செய்வா? மனசுல பட்டத அப்படியே சொல்லுங்க."

நகராட்சியில் இருந்தபோது பலருக்கு நற்சான்றுக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். எட்னாவுக்கும் அவ்வாறே ஒரு நற்சான்று அளிப்பதாக எண்ணிக்கொண்டேன்.

"இடுக்கியால மூணு தட்டு தட்டுவேன்," என்றேன். "தொட்டியோட... மன்னிக்கணும், இல்லத்தோட எந்தக் கோடியில இருந்தாலும் வந்துருவா. நான் வந்தா அவ வருவா."

"அவளுக்கு உங்களப் புடிக்கும்னு சொல்லலாமா?"

"சொல்லலாம்னுதான் நெனைக்கிறேன்."

"மனுஷங்க மேல அவளுக்கு நம்பிக்கை இருக்குன்னு?"

"ரொம்ப."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். விலங்குகளின் பிரதிநிதி பச்சைத் தலைக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். ஒருவருக்கும் விளங்கவில்லை. "உருக்கமாச் சொன்னீங்க," என்று ரோலண்ட் அவருக்கு நன்றி கூறினார். கூட்டம் முடிந்ததும், தொட்டி என்று சொன்னதற்காக நான் போய்ப் படத்தைப் பார்த்தேன்.

முடிவு இரண்டு நாளில் கடிதமாக வந்தது. 'எட்னாவின் வெளியேற்ற விழா ஒருமனதாக ஏற்கப்பட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. அனைவரும் வருக.' கடிதத்தை வேலிக்கு மேலாக நெவிலிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து படித்தார்.

"பத்து மணிக்குக் கடல் ஏத்தம் நல்லாருக்கும்," என்றார். "எறங்குதுறையில நிக்கிறேன். நீ அவகூட வா. பயந்துக்குவா."

வெள்ளிக்கிழமை நான் நீலச் சட்டையைத் தேய்த்து அணிந்துகொண்டு சென்றேன். வாசலில் இருந்த பணியாளர் என்னைப் பின்கட்டுக்கு விடாமல் பெருங்கடல் மண்டபத்துக்கு அழைத்துச்சென்றார். அங்கே நூறு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எதிரே மூன்று மாடி உயரத்துக்கு நீலத் திரை தொங்கியது. எல்லோருக்கும் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். கடற்கரைக்குச் செல்வதற்கு முன்னால் ஒரு சிறு கூட்டம் போலும் என்று எண்ணி, நானும் ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

ரோலண்ட் ஒலிபெருக்கி முன் நின்றார்.

"விடுதலைன்னா என்ன?" என்று கேட்டார். "சின்ன எடத்துலேருந்து பெரிய எடத்துக்குப் போறது. எட்னா இதுவரைக்கும் எங்க இருந்தா? ஒரு பின்கட்டுல, யாரும் பாக்காத ஒரு மூலையில. இன்னிக்கு அவ லட்சக்கணக்கான ஜனங்களுக்கு முன்னால வர்றா. நாங்க கதவத் தெறக்குறோம். வர்றதும் வராததும் அவ இஷ்டம். எங்க மேல பழி வரக் கூடாது பாருங்க."

திரை விலகியது. பின்னால் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் வண்ணம் பூசிய சிமெண்டுப் பவளப்பாறைகளும் நீல விளக்குகளும். மருத்துவப் பிரிவிலிருந்து வரும் வாய்க்காலின் மதகு மேலே ஏறியது. எட்னா வரவில்லை. ரோலண்ட் என் பக்கம் பார்த்தார். யாரோ என் கையில் இடுக்கியைத் திணித்து, மேடையின் எஃகுக் கம்பிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நூறு பேர் பார்க்கும்போது மறுத்துப் பேசுவது எனக்குப் பழக்கமில்லை. மற்றொரு கையில் ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டுக்கு வந்தது. மூன்று முறை தட்டினேன்.

அவள் வந்தாள். மதகு இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பன்னிரண்டு மணிக்கு நெவில் தொலைபேசியில் அழைத்தார்.

"எங்க இருக்கீங்க எல்லாரும்? ஏத்தம் வத்திடுச்சு. உங்களுக்குன்னு வாங்கியாந்த சாசேஜ் ரோலு ஆறிப்போச்சு."

"வெளியேற்றம் முடிஞ்சிடுச்சு நெவில்."

"எங்க?"

"உள்ள."

இறங்குதுறையில் படகு கரையில் இடிக்கும் ஒலி கேட்டது.

"உன்னய அவகூட வரத்தானே சொன்னேன்," என்றார். பிறகு வைத்துவிட்டார்.

அதன் பிறகு நெவில் என்னுடன் பேசவில்லை. வேலி ஓரத்தில் நான் நின்றால், அவர் படகின் மறுபக்கத்தைக் கழுவுவார்.

பெருங்கடல் மண்டபத்தின் வாசலில் ஒரு பலகை வைத்தார்கள். எட்னாவின் படமும் என் படமும் அதில் இருந்தன. மேலே 'அவள் நம்மைத் தேர்ந்தெடுத்தாள்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே மேற்கோள் குறிகளுக்குள்: 'நான் வந்தால் அவள் வருவாள். க்ளென், தன்னார்வலர்.'

முடிவை மறுபரிசீலனை செய்ய இயலுமா என்று வினவி, இயக்குநருக்கு மிகவும் பணிவான கடிதம் ஒன்று எழுதினேன். அவரும் மிகவும் பணிவாகவே பதில் எழுதினார். மனிதரை நம்பும் உயிரைக் கடலுக்கு அனுப்புவது அறமாகாது. எட்னா நம்மை நம்புகிறாள் என்பதற்கு என் சாட்சியமே சிறந்த ஆதாரம். எக்காலத்திலேனும் அவள் மனிதரைக் கண்டு விலகி ஓடும் இயல்பை அடைந்தால், குழு மகிழ்ச்சியுடன் மீண்டும் கூடும். என் அக்கறைக்கு நன்றி.

அந்தக் கடிதத்தை நான் பல முறை படித்தேன். பிறகு ப்ரையனியிடம் சென்றேன்.

"என்னய ஊசிக் கைக்கு மாத்திரு," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியும்."

"அவ உங்கள மன்னிக்க மாட்டா க்ளெனிஸ். ஆமைங்களுக்கு ஞாபகம் ஜாஸ்தி."

"அதுக்காகத்தான்."

இரத்தம் எடுப்பது வாரம் ஒரு முறை. முதல் புதன்கிழமை, பெருங்கடல் மண்டபத்தின் மேல்தளத்தில் மண்டியிட்டு எஃகுக் கம்பியில் மூன்று முறை தட்டினேன். அந்த வாரம் அவளுக்கு உணவு கொடுத்தவர் வேறொருவர், தட்டாமல் கொடுத்தார். சிமெண்டுப் பாறைகளுக்கிடையிலிருந்து எட்னா என்னை நோக்கி நேராக வந்தாள். மூக்கைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, கணவாய்க்காக வாயைத் திறந்தாள். ப்ரையனி அடியிலிருந்து வலையைத் தூக்கினாள். நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். ஊசி கழுத்தில்தான் போட வேண்டும். அவள் துடுப்பை அடித்த அடியில் என் மூக்குக்கண்ணாடி உடைந்தது.

இரண்டாம் வாரமும் வந்தாள். ஏதோ பிழை நேர்ந்திருக்கும் என்று கருதியிருக்கக்கூடும். நானும் இயக்குநரின் கடிதத்தை முதல் முறை படித்தபோது அப்படித்தான் கருதினேன்.

மூன்றாம் வாரம் பாதி வழி வந்து நின்றாள். பிறகும் வந்தாள். அந்த வாரத்தைப் பற்றி எழுத விரும்பவில்லை.

ஆறாம் வாரம் நான் தட்டியதும், அந்தப் பக்கத்துக் கோடியில் வடிகால் குழாய்க்குப் பின்னால் போய்ப் புகுந்துகொண்டாள். எட்டாம் வாரத்துக்குள், பார்வையாளர் எவர் கண்ணாடியைத் தட்டினாலும் போய்விடுவாள். மக்கள் தட்டாமல் இருந்தால்தானே. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை எட்னா குழாய்க்குப் பின்னால் இருந்தாள். 'அவள் நம்மைத் தேர்ந்தெடுத்தாள்' என்ற பலகைக்கு முன்னால் வெறும் தண்ணீர் இருந்தது. புகார்கள் வந்தன. ஐஸ்கிரீம் நிறுவனத்தார் நேரில் வந்து, தங்கள் பெயர் பொறித்த சுவருக்கு எதிரே கால்மணி நேரம் நின்றுவிட்டுச் சென்றார்கள்.

அறநெறிக் குழு அன்று பிற்பகலே கூடியது. கூட்டம் நான்கு நிமிடம் நடந்தது. கடலின் தகுதி மதிப்பீடும் திருத்தப்பட்டது: நாற்பது இனங்களிலும் கடல் தேறிவிட்டதாகப் பாதுகாப்பு அலுவலர் குடாவுக்குச் செல்லாமலேயே குறித்தார். பேராசிரியருக்கு அன்று தொலைபேசி இணைப்பு நன்றாகக் கிடைத்ததாம். ஆனால் அவர் பேசத் தொடங்குவதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது.

மே மாதம் ஒரு சனிக்கிழமைக் காலை எட்னாவைக் குடாவின் மணற்கரைக்குக் கொண்டுவந்தோம். ஐஸ்கிரீம் வண்டியும் இரண்டு தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளர்களும் வந்திருந்தார்கள். இரண்டு எஃகுக் கழிகளில் கோத்த துணியில் அவளைக் கிடத்தி, நால்வர் தூக்கினோம். ஒரு மூலை எனக்கு. சற்றுத் தள்ளி முழங்கால் ஆழத் தண்ணீரில் நெவில் நின்றிருந்தார். ப்ரையனிதான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். என்னைப் பார்த்தார், தலையசைக்கவில்லை.

ரோலண்ட் பேசினார்.

"குணமானதும் கடலுக்கேன்னு நாங்க சுவத்துல எழுதி வச்சிருக்கோம். சொன்ன சொல்லக் காப்பாத்துறவங்க நாங்க. சில பேரு அவசரப்பட்டுச் சந்தேகப்பட்டாங்க. பரவால்ல. எட்னா எங்களுக்குக் கத்துக்கொடுத்தது ஒண்ணே ஒண்ணு: நம்பிக்கை."

ஈர மணலில் எட்னாவை இறக்கி, துணியை உருவினோம். அவள் அசையவில்லை. அலை அவள் மூக்குக்கு ஒரு முழம் வரை வந்து திரும்பியது. ஒன்பது மாதம் அலையைப் பார்க்காதவள். அது என்னவென்று மறந்திருக்கலாம். தலையை மணலில் வைத்துக்கொண்டாள். படப்பிடிப்பாளர்கள் காத்திருந்தார்கள். ரோலண்ட் உதட்டை அசைக்காமல் என் காதருகே சொன்னார்:

"ஏதாவது செய்ங்க க்ளெனிஸ். இப்படியே கெடந்தா திருப்பித்தான் எடுத்துட்டுப் போகணும். வண்டி தயாரா நிக்குது."

இடுக்கி என் இடுப்பு வாரில் இருந்தது. ஏன் கொண்டுவந்தேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நான் அவளுக்குப் பின்னால், கரைப்பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். வெறும் எஃகுக் கழியை மணலில் ஊன்றி, அதன் மேல் மூன்று முறை தட்டினேன்.

மூன்றாவது தட்டு விழுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள். தழும்பேறிய துடுப்பும் நல்ல துடுப்புமாக மணலை அள்ளி எறிந்தபடி என்னை விட்டு ஓடினாள். அவ்வளவு வேகமாக ஓர் ஆமை நகர்ந்து நான் பார்த்ததில்லை. முதல் அலை அவள் மேல் ஏறியது. இரண்டாவது அலையில் மூழ்கினாள். நெவிலின் கால்களைத் தாண்டி, புல்மேடு இருக்கும் திசையில் ஒரு கரிய நிழல் சென்றது.

எல்லோரும் கைதட்டினார்கள். "ஒங்களுக்கு விடை சொல்லிட்டுப் போறா பாருங்க," என்று ரோலண்ட் ஒலிபெருக்கியில் சொன்னார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினோரு நிமிடம் ஆயிற்று. கூட்டம் ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் போய்விட்டது. நெவில் தண்ணீரிலிருந்து ஏறி வந்து என் அருகில் நின்றார். பிப்ரவரிக்குப் பிறகு அப்போதுதான் என்னிடம் பேசினார்.

"திரும்பிக்கூடப் பாக்கலயே க்ளெனிஸ்."

"ஆமாம்," என்றேன். "எட்டு வாரம் ஆச்சு, அதச் சொல்லிக்கொடுக்க."